நடக்காத ஒரு மைல்

நான் சர்வேயராகச் சேர்ந்த அன்று டிராயிங் ஹாலில் முதலில் சொல்லித்தந்தது இது: அளவுச் செயின் பிடித்து நடந்து அளந்த ஆற்றை முழுக்கோடாகப் போட வேண்டும், நடக்காததைப் புள்ளிக்கோடாக. எழுபதுகளின் நடுவில் அந்த விதியை ஒருமுறை மீறினேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து ஊர் பெருகிக்கொண்டிருந்த காலம். அதன் குடிநீருக்காக, தாமிரபரணியில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டியிருந்தது. புன்னைக்காயல் கழிமுகத்திலிருந்து பாபநாசம் வரை ஆற்றுக்கு நல்ல வரைபடம் உண்டு. அதற்கு மேலே, பொதிகைக் காட்டுக்குள், அது ஒரே ஆறு அல்ல. பாறை இடுக்குகளில் இறங்கும் பல ஓடைகள். அவற்றில் ஒன்றை அளந்து வர என்னை அனுப்பினார்கள்.

என்னுடன் வந்த செயின்மேன் சூசை அண்ணாச்சி ஆலந்தலைக்காரர். கடலில் முங்கிச் சங்கு எடுப்பது அவர் தொழில். கடல் கலங்கும் மாதங்களில் எங்களிடம் வேலைக்கு வருவார்.

ஓடையை மேலிருந்து அளந்துகொண்டு இறங்கினோம். ஒன்பதாம் நாள் அது இரண்டாகப் பிரிந்தது. பெரிய கிளை நேரே இறங்கியது. வடக்குக் கிளை வெறும் கற்படுகையாக ஈற்றை மூங்கில் காட்டுக்குள் போய் மறைந்தது. மழை. காலெல்லாம் அட்டை. யானை லத்தி சூடு ஆறாமல் கிடந்தது.

“சார், இது எங்கன போய்ச் சேருதுன்னு பாத்துட்டுப் போவோம்.”

“பழைய மேப்ல இருக்கு அண்ணாச்சி. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருது.”

“மேப் போட்டவன் நடந்தானாக்கும்?” என்று சிரித்தார். “அட்டைக்கா பயப்படுதிய? எங்க ஊருக்கு வாங்க, சுறாவைக் காட்டுதேன்.”

நான் போகவில்லை. அந்த ஒரு மைலைப் பழைய மேப்பிலிருந்து எடுத்து, ஆபீசில் முழுக்கோடாக மை போட்டேன்.

“எல்லாம் நடந்து அளந்ததுதானே?” என்று எஞ்சினியர் கேட்டார்.

“ஆமா சார்.”

மறு ஆண்டு, நீர்மட்டம் பார்க்கும் கேம்ப்பை, ஓடை பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு மேட்டடியில் போட்டார்கள். என் படத்தின்படி அதன் பின்பக்கம் தண்ணீர் வர வழியே இல்லை. அளவு பார்க்கச் சூசை அண்ணாச்சியே போனார். ஐப்பசி மழையில் வடக்குக் கிளை மேட்டைச் சுற்றிக்கொண்டு கேம்ப்பின் முதுகுப்புறமாக வந்தது. கூட இருந்த இருவரையும் அவர் நீந்தி இழுத்துப் போட்டார். உருண்டு வந்த பாறை அவர் வலது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எஞ்சினியர் என்னையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். “அந்த வடக்கு ஓடைல நீங்க ரெண்டு பேரும் நடந்தீங்களா, இல்லையா?”

சூசை அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கட்டில் காலைப் பார்த்தேன்.

“நடந்தோம் சார். ஆறுதான் தெச மாறிட்டு.”

எஞ்சினியர் வெளியே போனதும், “ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னிய?” என்று கேட்டேன்.

“நீங்களே சொல்லுவியன்னு கொஞ்ச நேரம் பாத்தேன். சொல்லல. ஒரு ஆளுக்குக் காலு போச்சு, இன்னொரு ஆளுக்கு வேலையும் போணுமாக்கும்?”

அதன் பிறகு அவர் கடலில் முங்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அடுத்த கோடையில் தனியாகப் போய் வடக்குக் கிளையில் நடந்தேன். கேம்ப் இருந்த இடத்துக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்து படத்தைத் திருத்தினேன். காரணம் எழுதும் இடத்தில் ‘ஆறு திசை மாறியது’ என்றே எழுதினேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நடக்காத இடத்தில் புள்ளி வையுங்கள். வைக்கத் தவறினால், யாராவது கேட்கும்போதாவது சொல்லிவிடுங்கள். என்னிடம் இரண்டு முறை கேட்டார்கள்.