இத்தாலி பாட்டிலில் கருப்புச் சேவல்: காஜா பெராங் பஞ்சாயத்து

ஒரு பாட்டிலின் லேபிளைப் படிப்பதற்காக நான் சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குப் போனேன். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம், மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய வாரம். அங்கே ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்: "வேலு இத்தாலிக் கப்பல்ல வேல பாத்தவன். உடனே வரச் சொல்லு." அந்தக் கப்பலில் நான் செய்தது குவளை கழுவியதும் ஒயின் பாட்டில் அடுக்கியதும்தான். எனக்குத் தெரிந்த இத்தாலியில் பாதி, பாட்டில் உடைந்தால் மேலாள் திட்டும் வார்த்தைகள்.

காலை ஏழு மணி பஸ். சுமார் நூற்றைம்பது மைல். பத்து பகாட்டிலும் மூவாரிலும் பாலம் கிடையாது. பஸ்ஸைப் படகில் ஏற்றித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். போகிறவர்கள் மூவார்க் கரையில் படகுக்குக் காத்திருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள். நான் மலாக்காவில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். காதர் பாய் பஸ் நிலையத்திலேயே என்னைப் பிடித்துத் திரிஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிவிட்டார். காஜா பெராங்குக்கு ஒன்றரை மைல், ஐம்பது காசு.

வழியில் கதையைச் சொன்னார். தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார். பீங்கான் தட்டுகள் என்று நம்பி பாய் ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே வைக்கோலில் ஆறு பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் கருப்புச் சேவல் படம். சேவல் இருந்தால் உள்ளே கோழிச் சாறுதான், உடம்புக்குத் தெம்பு என்று முடிவு செய்து, ஒன்றைத் தன் இருபது வருடச் சிநேகிதர் லெட்சுமணனுக்குக் கொடுத்துவிட்டார்.

லெட்சுமணன் காஜா பெராங்கில் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகள் வம்சம். வீட்டில் மலாய்தான் பேச்சு; சாமி விஷயங்களுக்கு மட்டும் தமிழ்ச் சொல் வரும். படத்தைக் கவனிக்காமல் அவர் மனைவி பாட்டிலைப் பன்னீர் பாட்டில்களோடு பூஜையறையில் வைத்துவிட்டார். காவடி விரதம் தொடங்கிய ஐந்தாம் நாள்தான் லெட்சுமணன் சேவலைப் பார்த்தார். அன்றிலிருந்து பாயோடு பேச்சு இல்லை.

"இப்ப இன்னொரு கவல, வேலு," என்றார் பாய். "இது ஒயினா இருக்கும்னு பக்கத்துக் கடைக்காரன் சொல்றான். மிச்சம் அஞ்சு என் கடையில, தொழுகைப் பாய்க்குப் பக்கத்துலயே இருக்கு. எம்பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா நான் கடையிலதான் படுக்கணும்."

லெட்சுமணன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டில் முற்றத்தில், கோழியை மூடும் பஞ்சாரக் கூடையால் மூடப்பட்டிருந்தது. ஓடிவிடும் என்று பயந்தார்களோ என்னவோ.

"ஆயாம்!" என்று கூடையைக் காட்டினார் அவர் மனைவி. மலாயில் கோழி.

திறந்து பார்க்கலாமே என்றேன். லெட்சுமணனும் பாயும் ஒரே குரலில் மறுத்தார்கள். விரத வீட்டில் கோழியைத் திறக்க முடியாது என்றார் லெட்சுமணன். ஒயினைத் திறந்த இடத்தில் தன்னால் நிற்க முடியாது என்றார் பாய்.

கூடையைத் தூக்கிவிட்டு, குந்தி உட்கார்ந்து லேபிளைத் துடைத்தேன். லெட்சுமணன் என் வலது காதில், மலாயில் அண்ணன் என்று கூப்பிட்டுச் சொன்னார்: "அபாங், கோழி இல்லைன்னு சொல்லிடுங்க. எட்டு வருஷ நேர்த்திக்கடன்." பாய் இடது காதில் தமிழில் சொன்னார்: "கோழின்னு சொல்லிடுடா. முறையா அறுத்த கோழியாங்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

நான் இருவருக்கும் வேண்டியவன். ஆனால் லேபிள் ஒன்றுதானே! ஒயின்தான் என்றேன்.

"ஒயின்னு எங்க போட்டிருக்கு, காட்டு," என்றார் பாய்.

எங்கேயும் போடவில்லை. பெரிய எழுத்தில் 'கியாந்தி' என்று இருந்தது. அது ஊர்ப் பெயர். பழனி என்று மட்டும் எழுதினால் பஞ்சாமிர்தம் என்று நமக்குப் புரிகிற மாதிரி, அவர்களுக்கு ஊர்ப் பெயரே போதும். அடுத்து 'கிளாசிகோ', அந்த வட்டாரத்தில் ஆதியிலிருந்து திராட்சை விளைந்த பகுதி. 'ரிசர்வா'.

"ரிசர்வா? அப்ப வேற யாருக்கோ எடுத்து வெச்சதா?" பாய்க்கு வேர்த்துவிட்டது.

"இல்ல பாய். விக்காம கூடுதல் காலம் ஊற வெச்சது."

'செக்கோ' என்றால் உலர்ந்தது என்றேன். லெட்சுமணன் பாட்டிலைக் குலுக்கிக் காட்டி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இனிப்பு இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன்.

"சேவல்?" என்றார் இருவரும்.

"திராட்சைத் தோட்டக்காரங்க சங்கத்தோட முத்திரை. நம்ம தீப்பெட்டியில புலி இருக்கே, உள்ள புலியா இருக்கு?"

லெட்சுமணன் வாய்விட்டுச் சிரித்து, ஓடிவந்து பாயைக் கட்டிக்கொண்டார். "கோழி இல்ல! எங்க காவல் சாமிக்கே சாராயம் வைக்கிறோம், இது குத்தமில்ல!" பாய் மரம் மாதிரி நின்றார். பிறகு அங்கிருந்த தொட்டியில் கைகளை முழங்கை வரைக்கும் மூன்று முறை கழுவினார்.

"அந்த அஞ்சையும் நான் விக்கவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்," என்றார்.

"நானே வந்து எடுத்துக்கறேன்."

"எடுத்துக்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்."

அப்படியே நடந்தது. லெட்சுமணன் பெட்டியைத் திரிஷாவில் ஏற்றும் வரை பாய் சுவரைப் பார்த்து நின்று, வாடிக்கையாளருக்குச் சுவரைப் பார்த்தபடியே துணி விலை சொன்னார்.

திருவிழாவுக்கு இருந்தேன். லெட்சுமணன் காவடி எடுத்தார். பாய் தெரு முனையில் தண்ணீர்ப் பானையோடு காத்திருந்தார். விரதம் முடிந்த மறுநாள் கரண்டிக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளி முதல் பாட்டிலைத் திறந்தோம். லெட்சுமணன் ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கிப் புளியம்பழம் போல ஆனது. "கோழியே தேவலாம்," என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திருவிழா வாரத்தில் காஜா பெராங் வீடுகளுக்கு எதைக் கொண்டுபோனாலும் விரதமா என்று முதலில் கேளுங்கள். இத்தாலி சிவப்பு ஒயின் லேபிளில் ஒயின் என்ற சொல்லைத் தேடாதீர்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஊர். படத்தை நம்பவே வேண்டாம். உள்ளே இருப்பது லேபிளில் ஒரு விதமாகவும் நாக்கில் ஒரு விதமாகவும் இருக்கலாம். நண்பர்களுக்குள் சண்டை வர இரண்டுக்கும் நடுவில் உள்ள இடமே போதும்.

கிளம்பும்போது பாய் தெங்கேராவில் வாங்கிய ஒரு பாட்டிலைக் கையில் திணித்தார். சின்சாலோக், உப்பில் ஊறிய பொடி இறால். "பாரு, லேபிளே இல்ல. எந்தக் கொழப்பமும் இல்ல," என்றார் பெருமையாக. அது ஊற ஊறப் பொங்கும் என்று சொல்ல ஒரு லேபிள் இருந்திருக்கலாம். மூவார்ப் படகில், வெயிலில், மூடி தானாகத் தெறித்தது. பக்கத்து இருக்கைக்காரர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிங்கப்பூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.