இன்னும் ஒருத்தர் வரணும்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பட்டப்பகலில், இருபது பேர் வேலை செய்யும் அறையில், என் அக்கா புருஷனுக்கு நடந்தது இது. அத்தானுக்குக் கதை கட்டத் தெரியாது. வீட்டில் சின்னப் பொய் சொன்னால்கூட அக்காவிடம் உடனே மாட்டிக்கொள்கிற மனுஷன்.

அத்தானுக்கு ரயில் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நாட்டின் தண்டவாளங்களையெல்லாம் கம்பெனிகளிடமிருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம் அது. தண்டவாளம், சிக்னல், ஆட்கள் எல்லாம் ஒரே நாளில் கைமாறின. பழைய கம்பெனி மூடிப் போட்டிருந்த மலைப்பாதை ஒன்றும் அதோடு வந்தது. அதைச் செப்பனிட்டு அரசாங்கம் திறக்கும் நாள். முதல் ரயில், ஜனம் நிரம்பி, அடிவாரத்தில் நின்றது.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. தண்டவாளத்தில் இறங்கும் கூட்டத்தின் தலைவர், எத்தனை பேர் என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போனில் சொல்லித்தான் லைனை வாங்க வேண்டும்; லைன் அவர் கையில் இருக்கும்வரை அங்கே ரயில் விடக் கூடாது. வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணிப் பார்த்து, அதே எண்ணிக்கையைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் ரயில் நகராது.

மணி மூன்று பத்து. அத்தான் சிக்னலைப் பச்சையாக்கக் கை வைத்தார். போன் அடித்தது.

"கன்ட்ரோலா? மலைப் பாலத்துல இருந்து பேசுறோம். லைன் இன்னும் எங்க கையிலதான் இருக்கு. விட்டுறாதீங்க."

நிதானமான குரல். பின்னால் சுத்தியல் சத்தம். டங்... டங்...

எத்தனை பேர் என்று அத்தான் கேட்டார்.

"ஏழு பேரு இறங்கினோம். ஆறு பேர்தான் இருக்கோம். இன்னும் ஒருத்தர் வரணும்."

அன்று அங்கே யாருக்கும் வேலை கொடுக்கவில்லை. எவனோ விளையாடுகிறான், ரயிலை விடு என்று மேலதிகாரி எரிந்து விழுந்தார். அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. நிஜமாகவே ஆள் இருந்தால்? போனைக் கீழே வைக்காமல், இன்னொரு போனில் அடிவாரத்து ஆய்வாளரைக் கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து அரசாங்கத்துக்கு வந்தவர். நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஒட்டகம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அத்தானை, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உத்தரவு போடும் மகராசா என்று கேலி செய்யாமல் பேச்சைத் தொடங்க மாட்டார்.

"அண்ணே, மேல பாலத்துல ஆறு பேர் நிக்கிறாங்களாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க."

அன்று கேலி இல்லை.

"நான்தான் போகணுமா தம்பி?"

"பக்கத்துல வேற யாரும் இல்லண்ணே."



"சரி... போய்த்தான் ஆகணும்."

அத்தான் காத்திருந்தார். முதல் போனில் சுத்தியல் ஓயவில்லை.

டங்... டங்...

மூன்று ஐம்பதுக்குச் சட்டென்று நின்றது.

சரளைக்கல்லில் காலடி. நீள நீளமான எட்டுகள். நெருங்கி வந்தன...

நின்றன.

"வந்துட்டாரு. லைன எடுத்துக்கங்க."

போன் அடங்கியது.

அத்தான் ரயிலை விடவில்லை. ஆள் அனுப்பினார். பாலத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தின் மேல் ஒட்டகம் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உயிரும் இல்லை.

பிறகுதான் கம்பெனியின் பழைய ஆள் ஒருவர் சொன்னார். அதே பாலத்தில் முன்பு ஒரு ரயில் ஆறு பேரை அடித்திருக்கிறது. சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், திரும்பிப் பார்க்காமலே, ஏழு பேரும் தண்டவாளத்தை விட்டு வந்துவிட்டோம் என்று போனில் சொல்லி லைனைத் திருப்பித் தந்திருக்கிறார் அவர்களின் தலைவர்.

உயிரோடு மிஞ்சியவர் அந்தத் தலைவர் மட்டும்தான். நெடுநெடுவென்று இருப்பாராம்.