சாவியைத் தூக்கிக் காட்டும் சார்ஜன்

தன் போலீஸ் மோட்டார் சைக்கிளின் இஞ்சினை அணைத்து, சாவியை உருவி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் சார்ஜன் ரொக்கியா. சாவியில் தொங்கும் வளையல் அகலப் பித்தளை வளையம் மாலை வெயிலில் பளபளக்கிறது. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் காது கிழியப் பறக்கிறது. ஓட்டுகிறவன் வண்டிமேல் குப்புறப் படுத்திருக்கிறான். கைப்பிடியில் இரண்டு கரும்புச்சாற்றுப் பொட்டலங்கள் ஊஞ்சலாடுகின்றன. போலீசைக் கண்டதும் அவன் தலை திரும்புகிறது. தூக்கிய கையைப் பார்க்கிறான், சாவியைப் பார்க்கிறான், தலை மறுபடி நேராகிறது. வண்டி பாலத்தைத் தாண்டிய பிறகுதான் ரொக்கியா கையை இறக்குகிறார். நாக்கு நுனிவரை வந்த வசவை மென்று விழுங்குகிறார். நோன்பு நேரத்தில் வாய் கெட்டால் பகலெல்லாம் பட்டினி கிடந்தது வீண்.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால், போலீஸ் திருடனிடம் சரணடைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். சுங்கை பாக்காவ் ஊர்வாசிகளுக்குப் பழகிவிட்டது. வெயில், மழை, முச்சந்தியில் சார்ஜன், எல்லாம் ஒன்றுதான்.

ரொக்கியாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. அகலமான உடம்புக்காரப் பெண்மணி. முக்காட்டின் மேல் தலைக்கவசத்தை அழுத்தி, காலைத் தூக்கிப் போட்டு அவர் ஏறி உட்கார்ந்தால் அரசாங்க மோட்டார் சைக்கிள் ஒரு பெருமூச்சு விட்டு இரண்டு அங்குலம் இறங்கும். பின்பக்கம், வாக்கி டாக்கி கம்பிக்குப் பக்கத்தில், பூப்போட்ட குடை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். சட்டதிட்டத்தில் குடைக்கு இடமில்லை என்று ஒரு மேலதிகாரி சொன்னபோது, "மழைக்கும் இடமில்ல துவான், ஆனா பெய்யுதே" என்றாராம். இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவை. நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்கும், பாயில் உட்கார்ந்தால் வலிக்கும், தொழுகையில் வலிக்கும். உலகத்தில் வலிக்காத ஒரே இடம் அந்த மோட்டார் சைக்கிளின் இருக்கை என்பார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அதுவரை அந்த இருக்கையை யாரும் பறிக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் தினமும் அவர் கேட்கும் துஆ.

நோன்பு மாதம் வந்தால் அவருக்கு வேலை அதிகம். ஏழேகாலுக்கு மேல் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிடுவார்கள். ஏழு மணிவரை ரமலான் பஜாரில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற இளவட்டங்கள் எல்லாம், பாங்குக்கு முன் வீடு சேரவேண்டும் என்று ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். எண் பலகையை மேலே மடக்கி விட்டிருப்பார்கள். வெறும் வயிறு, வறண்ட தொண்டை, கையில் கரும்புச்சாறு. இந்த மூன்றும் சேர்ந்தால் எவனுக்கும் வேகத்தடை கண்ணில் படாது.

இவர்களைப் பிடிக்க ரொக்கியா வைத்திருக்கும் உத்தி எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. அவர் துரத்துவதில்லை, வீட்டுக்குப் போய்விடுவார். ஊரிலுள்ள ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாய்ச் சத்தமும் அவருக்கு மனப்பாடம். யார் வீட்டு வண்டி தும்மும், யார் வீட்டு வண்டி கனைக்கும், எது மேட்டில் ஏறும்போது அழும், எல்லாம் தெரியும். பாங்கு சொல்லும்போது அந்தந்த வீட்டுச் சமையலறையில் அவனுடைய அம்மாவுக்கு எதிரில் சார்ஜன் உட்கார்ந்திருப்பார்.

"எதுக்குலா துரத்தணும்? பெட்ரோல் அரசாங்கத்துது, முழங்கால் என்னுது. ஏழரைக்கு அவங்கம்மா முன்னாடி தட்டு வெச்சிக்கிட்டு உட்காரப் போறவன்தானே?"

பேரீச்சம்பழம் கடித்து, நோன்புக் கஞ்சி குடித்து, கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் எடுத்து வைப்பார். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை சம்மனை எடுக்கமாட்டார். "வெறும் வயித்துல சம்மன் குடுத்தா கோபம்தான் வரும். வயிறு ரொம்பினப்புறம் குடுத்தா வெக்கம் வரும். எனக்கு வெக்கம்தான் வேணும்." மீதி வேலையை அம்மாவின் செருப்பு பார்த்துக்கொள்ளும். அம்மாக்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "அக்கா, இவனை அங்கேயே பிடிச்சி நாலு போட்டிருக்கக் கூடாதா?" ரொக்கியாவின் பதிலும் ஒன்றுதான்: "போட்டிருப்பேன். முழுசா உங்ககிட்ட கொண்டாந்து சேர்த்திருக்க முடியுமான்னு தெரியல."

இதை அவர் விளையாட்டாகச் சொல்வதில்லை. பஜார் முடியும் இடத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம், அஸ்ரி கடை போட்டிருக்கிறான். நிலக்கடலையும் சீனியும் தூவி மடித்துத் தரும் அப்பம் பாலிக். இருபத்தேழு வயது. வலது கால் இடது காலைவிட ஒரு விரல்கடை குட்டை. கல்லுக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் நடுவே அவன் நடப்பது ஒரு சின்ன ஆட்டம் போல இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் அவனைத் துரத்தியது ரொக்கியா. செய்த குற்றம், சாலை வரி காலாவதியானது. ஒரு சம்மனோடு போயிருக்கும். போலீஸ் சைரன் பின்னால் வந்ததும் பயந்து ஓடினான். மூன்று தடவை திரும்பிப் பார்த்தான், சார்ஜன் எவ்வளவு கிட்டே வந்துவிட்டார் என்று. ரொக்கியா எண்ணியிருக்கிறார். மூன்றாவது தடவை திரும்பியபோது முன்னால் பாலத்துச் சுவர் இருந்தது.

"துரத்துறவங்களுக்கு முன்னாடி ரோடு தெரியும். ஓடறவனுக்கு நாங்க மட்டும்தான் தெரிவோம்" என்பார். அன்றைக்குப் பிறகுதான் அந்தப் பித்தளை வளையத்தைத் தேடி வாங்கிச் சாவியில் மாட்டினார். ஐம்பது கெஜத்துக்கு அப்பாலிருந்தும் தெரிய வேண்டுமாம். நான் வரவில்லை, நீ ரோட்டைப் பார் என்று சொல்ல அதைவிட வசதியான பாஷை அவருக்குக் கிடைக்கவில்லை.

தினமும் அஸ்ரியிடம் ஒரு அப்பம் வாங்குகிறார். சர்க்கரை வியாதிக்காரர், தின்ன முடியாது. ஸ்டேஷன் பூனைதான் தின்று கொழுத்துப் போயிருக்கிறது. அஸ்ரிக்கும் அது தெரியும். ஊர்ப் பையன்களுக்கெல்லாம் அவர் மாக்சிக், பெரியம்மா.

"மாக்சிக், பூனைக்குக் கடலை தூக்கலா போடவா?"

"போடு. சீனியைக் குறை, அதுக்கும் வயசாகுது."

"இன்னிக்கி எவனையாவது துரத்தினீங்களா?"

"உன்னை மாதிரி மெதுவா ஓடறவன் இப்ப எவன்டா இருக்கான்?"

அவன் சிரிப்பான். அவர் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். ஆறு வருடமாக இருவரும் இப்படித்தான் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர் மொத்தமும் ரொக்கியா கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஆ ஹுவாட்டின் மோட்டார் பட்டறையில் தினமும் சட்டசபை கூடும். எதிர்க்கட்சித் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வாஹிட். இரண்டு வருடத்துக்கு முன் ரொக்கியா சாவியைக் காட்டி அனுப்பிவைத்த ஒருவன், அடுத்த தெருவில் திரும்பும்போது வாஹிட்டின் சைக்கிளை இடித்துத் தள்ளினான். அவருடைய முழங்கை இன்னும் நேராகாது. வளைந்த அந்தக் கையை ரொக்கியாவிடம் தூக்கிக் காட்டித்தான் பேசவே தொடங்குவார்.

"நீ கையைத் தூக்கின, என் கை மடங்கிப் போச்சு. துரத்தியிருந்தா அவன் அந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சிருப்பானா?"

"துரத்தியிருந்தா இன்னும் வேகமா நுழைஞ்சிருப்பான், ஆசிரியரே" என்பான் ஆ ஹுவாட், ஸ்பானரால் முதுகைச் சொறிந்துகொண்டே. துரத்தினாலும் துரத்தாவிட்டாலும் நசுங்கிய வண்டி அவன் பட்டறைக்குத்தான் வரும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

ரொக்கியா பெருநாளன்று முதல் ஆளாக வாஹிட் வீட்டுக்குப் போய், அந்த வளைந்த கையைப் பிடித்து முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் மறுபடி முச்சந்தியில் சாவியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

இந்த வருடம் தலைநகரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் நஸ்ருல் மாற்றலாகி வந்தார். முப்பத்திரண்டு வயது, சட்டையில் கத்தி போல மடிப்பு, கெட்ட மனுஷர் அல்ல. "போலீஸ் துரத்தாதுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பத்துப் பேருக்குத் தெரியும், சார்ஜன். பயம் போயிடுச்சின்னா அப்புறம் நம்ம சட்டைக்கு என்ன மரியாதை?" மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று 'நிலைமைக்கேற்ப முடிவெடுக்கவும்' என்கிறது. இருவரும் அந்த ஒரே வரியை ஆளுக்கொரு நகல் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

நோன்பு தொடங்கி ஒரு வாரத்தில் பச்சைத் தலைக்கவசக்காரன் ஒருவன் முளைத்தான். தினமும் ஏழேகாலுக்குப் பறந்தான். எண் பலகை மடக்கியிருந்தது. ஆனால் சத்தம்? ரொக்கியாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆரம்பத்தில் ஒரு கனைப்பு, கியர் மாறும்போது ஒரு விக்கல். பாக் மானுடைய மகன் ரிட்வானின் வண்டியேதான். நேராகப் பாக் மான் வீட்டுக்குப் போனார். கஞ்சி குடித்தார், மீன் வறுவல் தின்றார், மூன்று விதப் பலகாரத்தை வெறுமனே பார்த்தார். ரிட்வான் கை கழுவி வந்ததும் சம்மன் புத்தகத்தைப் பிரித்தார்.

"மாக்சிக், கொஞ்சம் இப்படி வாங்க" என்று அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான் ரிட்வான். வண்டி அங்கே கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது. புகைக்குழாய் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. "பத்து நாளா இப்படித்தான் நிக்குது. குழாயை இரவல் குடுத்திருக்கேன்."

கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதுபோல இந்த ஊர்ப் பையன்கள் புகைக்குழாயை இரவல் வாங்குவார்கள் என்பது ரொக்கியாவுக்குத் தெரியும். தெரிந்தும் கோட்டைவிட்டார்.

"யாருக்குடா குடுத்த?"

"அதைச் சொன்னா நான் மனுஷனா மாக்சிக்? இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா?"

மறுநாள் விடிவதற்குள் ஊர் சிரித்துவிட்டது. சார்ஜன் குற்றவாளியை விட்டுவிட்டு அவனுடைய குழாய்க்குச் சொந்தக்காரன் வீட்டில் விருந்து சாப்பிட்டார் என்ற செய்தி கண் காது மூக்கு வைத்து இன்ஸ்பெக்டரிடமும் போய்ச் சேர்ந்தது. அவர் சிரிக்கவில்லை.

"போதும் சார்ஜன். செவ்வாய்க்கிழமை நானே வரேன். நான் துரத்தறேன், நீங்க பின்னாடி வரணும். இது உத்தரவு. மறுபடியும் கையைத் தூக்கிக்கிட்டு நின்னீங்கன்னா, மோட்டார் சாவியைக் குடுத்துட்டு, ஓய்வு பெறுற வரைக்கும் தொலைஞ்ச அடையாள அட்டை கவுண்டர்ல உட்காருவீங்க."

"நாற்காலிதானா, துவான்?"

"நாற்காலிதான்."

அன்றிரவு தூக்கமே வரவில்லை ரொக்கியாவுக்கு. முழங்கால் இரண்டும் முன்கூட்டியே வலிக்க ஆரம்பித்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நல்ல மழை. ஏழு மணிக்கு விட்டது. பாலத்தில் சேறும் இலையும் படிந்து, எண்ணெய் தடவிய கல் போல வழவழத்தது. முச்சந்தியில் இரண்டு போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் அருகருகே நின்றன. நஸ்ருல் இஞ்சினை ஓடவிட்டுக் கைப்பிடியைப் பற்றியிருந்தார். பட்டினியில் அவர் உதடு வெளுத்திருந்தது, அவரும் நோன்புதான். ரொக்கியா வழக்கம்போலத் தன் இஞ்சினை அணைத்து வைத்திருந்தார், ஆனால் சாவி துவாரத்திலேயே இருந்தது. கொஞ்சம் தள்ளிக் கடையில் அஸ்ரி அப்பத்தைத் திருப்பிப் போடாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழேகால். முதலில் கனைப்பு, பிறகு விக்கல். பச்சைத் தலைக்கவசம் வளைவில் தெரிந்தது. கைப்பிடியில் வழக்கமான கரும்புச்சாறு.

அவன் கண் வழக்கப்படி தூக்கிய கையைத் தேடியது. கை இல்லை. ஒரு வண்டிக்குப் பதில் இரண்டு வண்டி. நஸ்ருலின் விளக்கு சுழன்றது, சைரன் ஊளையிட்டது. பையன் குப்புறப் படுத்து முறுக்கினான். அடுத்த நொடியே தலையைத் திருப்பினான்.

"ஒண்ணு" என்றார் ரொக்கியா, தன்னையறியாமல்.

நஸ்ருலின் முன் சக்கரம் நடைபாதையிலிருந்து இறங்கியது. பையன் மறுபடி திரும்பினான். பின்சக்கரம் ஈரத்தில் ஒரு முழம் வழுக்கி, தட்டுத்தடுமாறி நேரானது.

"ரெண்டு."

தேய்ந்த முழங்கால்களோடு அந்தப் பெண்மணி எப்படி அவ்வளவு வேகமாக எட்டினார் என்று அஸ்ரி இன்னும் வியந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இடது கையால் இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பற்றினார், வலது கையால் அவருடைய சாவியைத் திருகி உருவினார். சைரன் பாதி ஊளையில் செத்தது. அதே வேகத்தில் தன் சாவியையும் உருவி, இரண்டையும் சேர்த்துத் தலைக்கு மேலே, குதிகால் எழும்ப, தூக்கிப் பிடித்தார்.

"சார்ஜன்! என்ன பண்றீங்க? குடுங்க அதை!"

"ரோட்டைப் பாருடா!" என்று ரொக்கியா கத்தினார். கூடவே, மாதமெல்லாம் மென்று விழுங்கிய வசவுகளில் ஒன்றும் வெளியே வந்துவிட்டது.

பையன் மூன்றாவது தடவை திரும்பினான். பித்தளை வளையம் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தலை சட்டென்று நேரானது. பாலத்துச் சுவரை ஒட்டி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பொட்டலம் ஒன்று அறுந்து விழுந்து வெடித்தது, கனைப்பு, விக்கல், மறுபடி கனைப்பு. சத்தம் அக்கரையில் ஏறித் தேய்ந்து மறைந்தது.

"தாண்டிட்டான் மாக்சிக்!" என்றான் அஸ்ரி. அவன் கல்லில் அப்பம் கருகிக்கொண்டிருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. ரொக்கியா கையை இறக்கினார். இன்ஸ்பெக்டரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார், அவர் சாவியை வைத்தார், அதன்மேல் பித்தளை வளையத்தோடு தன்னுடையதையும் வைத்தார்.