ஒரு சுளகு ஏலக்காய்

பிள்ளைகளைத் தூங்கவைப்பதில் என்னை மிஞ்சப் போடியிலேயே ஆளில்லை என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கொழுப்பு. மகளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. என் வீட்டுக்காரர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை பார்த்தார். ஐப்பசியில் அங்கே வேலை தலைக்குமேல் கிடக்கும். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் இறங்கி வருவார், பண்டிகைக்கு மறுநாள் விடியுமுன் ஜீப் ஏறிவிட வேண்டும்.

பண்டிகை முடிகிற அந்த ராத்திரி இருக்கிறதே, அப்பப்பா! எண்ணெய் தேய்த்துக் குளித்ததிலிருந்து ஒரே ஓட்டம். கம்பி மத்தாப்பு, ஓலைவெடி, வயிறு கொள்ளாமல் அதிரசம், போதாததற்கு அப்பா தோளில் சவாரி. படு என்றால் இரண்டும் படுக்குமா? கண் செருகினாலும் அடித்துப் பிடித்து எழுந்து, அப்பா இருக்கிறாரா என்று பார்க்கும். அவர் கிளம்பும்போது விழித்திருந்தால் காலைக் கட்டிக்கொண்டு விடாது. முந்தின வருஷம் அப்படித்தான் ஜீப்பை விட்டுவிட்டு, மேலே போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் ஏலக்காய்க் கடைக்குக் காய் பிரிக்கிறவள். வீட்டிலும் காய் கிடக்கும். பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தால் பெரியவர்களுக்கே கண்ணைச் சுழற்றும். அந்த வருஷம் ஒரு சுளகு நிறையக் கொட்டிப் பிள்ளைகள் முன்னால் தள்ளி, சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்தேன். அந்தச் சின்ன வீடு முழுக்கக் காய் வாசனையும் வெடி வாசனையும். இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

"இம்புட்டையும் பிரிச்சு முடிச்சிட்டா அப்பா நாளைக்கும் இங்கனயே இருப்பாக."

"நெசமாவாம்மா?" என்றாள் மகள்.

"பின்ன, பொய்யா சொல்றேன்?"

வாய் கூசாமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். சின்னவன் உடனே சரிந்தான். மகள் கையில் காயைப் பிடித்தபடியே சாய்ந்தாள். சுளகில் பாதிகூட ஆகவில்லை. "பாத்தீகளா என் வித்தைய?" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரை ஏற்றிவிடப் போனேன். ஜீப் நிரம்பினால்தான் எடுப்பார்கள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

வீட்டில் சிம்னி எரிந்துகொண்டிருந்தது. சுளகில் மூன்று குவியல். வெடித்த காய் ஒன்றுகூடத் தப்பவில்லை. கண் சிவக்க உட்கார்ந்திருந்த மகள், என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டேம்மா. அப்பா எங்க?"

"உன்ன யாருடி எந்திரிக்கச் சொன்னா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த தீபாவளிக்குச் சுளகை எடுக்கவே இல்லை. "விடியுமுன்ன அப்பா போயிருவாக. நான் எழுப்பிவிடுறேன், படுங்க," என்றேன். மகள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

நாலு மணிக்குத் தொட்டு எழுப்பினேன். "நெசமாவே எழுப்பிட்டியேம்மா," என்றாள். ஜீப் கிளம்பியபோது இரண்டும் தெருவே எழும்பும்படி அழுதன. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.