நாளைக் காலை பதினோரு மணி வரை

இந்த நாட்டில் வீடு உள்ளவர்கள் லீவு விட்டால் வெளியே போய்த் தரையில் படுக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஜூன் பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாய், அடுப்பு, குண்டான், கயிறு எல்லாவற்றையும் காரில் ஏற்றினார்கள். யாரோ காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. நாலு நாள் கழித்து உடம்பெல்லாம் பூச்சிக்கடியோடு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

நான் கிளாஸ்கோவில் தோசை மாஸ்டர். அதற்கு முன் தி.நகரில் ஒரு மெஸ்ஸில் இதே வேலை. என் மனைவி பரிமளா இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. செப்டம்பரில் இருவர் விசாவையும் புதுப்பிக்க வேண்டும். "உன்து மட்டும் போடு. நா ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். குளிர் காரணம் இல்லை. காகிதம்தான் காரணம். இங்கே விசா போனுக்குள் இருக்கிறது. கையில் ஒன்றும் தருவதில்லை. "பேப்பர் இல்லாம எப்டிய்யா ஒரு எடத்துல குடியிருக்கறது? எவனாச்சும் வந்து கேட்டா போனையா காட்டுவ? சார்ஜ் பூட்ச்சினா?" என்றாள். அவளிடம் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. வெளியே கிளம்பினால் இடுப்பில் செருகிக்கொள்வாள். அதில் ஊர்க் காகிதங்கள் எல்லாம் இருக்கின்றன. இந்த நாட்டுக் காகிதம் ஒன்றுகூட இல்லை.

கடைக்குக் காய்கறி கொண்டுவரும் டூகியிடம் சொன்னேன். இந்த ஊர்க்காரன். யோசனை சொல்வதென்றால் வண்டியை அணைத்துவிட்டுச் சொல்வான். "நாலு சுவருக்குள் வைத்திருந்தால் யாருக்கு நாடு பிடிக்கும்? லாக் பக்கம் கூட்டிப்போ" என்றான். லாக் என்றால் மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஏரி. தன் டென்டையே தருவதாகச் சொன்னான்.

"இதற்கு முன் வெளியில் தங்கிய பழக்கம் உண்டா?" என்று கேட்டான்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றேன்.

தக்காளிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். "எங்கே?"

"அடையாறு. ஆற்றங்கரை."

"நகரத்துக்கு நடுவிலா? தண்ணீரைப் பார்த்தபடியா?"

"தண்ணீரைப் பார்த்தபடி."

"கொடுத்துவைத்தவன்" என்றான்.

விளக்கிச் சொல்ல எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கரையைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

தக்காளிப் பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் யோசனைகளை எழுதிக் கொடுத்தான். வீட்டில் பரிமளாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீருக்கு ரொம்பப் பக்கத்தில் டென்ட் போடாதே. பொருளைத் தரையில் வைக்காதே, தொங்கவிடு. மாற்றுத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டு. "இதெல்லாம் இவன் வந்துதான் நமக்குச் சொல்லணுமா?" என்றாள். கடைசியாக ஒரு சின்ன மண்வெட்டி. கக்கூஸ் கிடையாது, தண்ணீரை விட்டுத் தள்ளிப்போய் மரத்தடியில் குழி தோண்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தான்.

பரிமளா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "யோவ், அந்தக் கஷ்டம் வாணாம்னுதானே ஏழாவது மாடிக்குப் போனோம்? இப்ப திரும்ப அங்கயே இட்டுகினு போறியா?"

"இது ஹாலிடேமே."

"அப்ப அது இன்னாது?"

ஆனாலும் வந்தாள். ஊருக்குப் போகிறவள், ஒன்றாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கும். அந்த ஏரிக்கரையில் படுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதுவும் போனில்தான் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. டூகியின் டென்டை விரித்ததும் பரிமளா துணியைக் கிள்ளிப் பார்த்தாள். "இது மழைக்கு நிக்காது." சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நீலத் தார்பாயை மடித்து எடுத்து வந்திருந்தாள். இரண்டு மரத்துக்கும் ஒரு பாறைக்கும் இழுத்துக் கட்டினாள். பக்கத்து டென்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். எங்கள் தார்பாயை யாராவது போட்டோ எடுத்தால் முன்பெல்லாம் அடுத்த வாரம் இடிக்க ஆள் வரும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழை விட்டதும் மிட்ஜ் வந்தது. ரவை அளவு பூச்சி. அடையாற்றுக் கொசு காதில் பாடிவிட்டுத்தான் கடிக்கும். இது சொல்லாமல் கடித்தது. டூகி கொடுத்த வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். "தேன் எடுக்க வந்தவன் மாறி கீற" என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். குண்டானைக் கழுவ ஏரிக்கு இறங்கினேன். தூரத்தில் பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு ஆள், கையில் அட்டையும் காகிதமுமாக ஒவ்வொரு டென்டாக நின்று நின்று வந்துகொண்டிருந்தான். கழுவி முடித்துத் திரும்பினேன். எங்கள் டென்ட் இல்லை. அடுப்பு பைக்குள் போயிருந்தது. பாய் சுருட்டியாகிவிட்டது. தார்பாய் மடித்திருந்தது. பரிமளா கடைசி முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அவசரத்திலும் கயிற்றை அறுக்கமாட்டாள். கவர் இடுப்பில் ஏறிவிட்டது.

ஆற்றங்கரையில் இதே வரிசைதான். கையில் காகிதத்தோடு ஆள் பாலத்தில் இறங்கினால், அவன் எங்களிடம் வந்து சேர்வதற்குள் வீடு மூட்டையாகிவிடும். கொஞ்ச நாளில் திரும்பக் கட்டுவோம். கடைசித் தடவை வெள்ளம் வடிந்த பிறகு வந்தார்கள். "ஆத்தோரம் ஆபத்து, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று சொல்லி, ஊருக்கு வெளியே ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். நாங்கள் இருந்த இடத்தில் இப்போது பெஞ்சு போட்டிருக்கிறது. வாக்கிங் வருகிறவர்கள் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்து இல்லை போல.

பச்சை ஜாக்கெட் அந்த ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்ளும் ஆள். வந்து மூட்டையைப் பார்த்தான். "இவ்வளவு வேகமாக டென்ட் பிரித்தவர்களை நான் பார்த்ததே இல்லை" என்றான். உண்மையாகவே வியந்துபோயிருந்தான். "ஏன் கிளம்புகிறீர்கள்? சும்மா எல்லாரும் நலமா என்று கேட்கத்தான் வந்தேன். உங்களுக்கு நாளைக் காலை பதினோரு மணி வரை இருக்கிறது."

"இன்னா சொல்றான்?" என்றாள்.

"நாளிக்கு பதினோரு மணி வரைக்கும் நம்ம எடமாம்."

அவள் கயிற்றை விடவில்லை. "எழுதித் தருவானா கேளு."

கூச்சத்தோடு கேட்டேன். எல்லாம் போனில் இருக்கிறதே என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, ஒரு தாளைக் கிழித்தான். பேர் கேட்டான். பரிமளா, ஏரிக்கரை, திங்கள் காலை பதினோரு மணி வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் கையிலேயே கொடுத்தான்.

"சீலு?" என்றாள்.

சீல் அவனிடம் இல்லை. உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் மடித்துக் கவரில் வைத்துக்கொண்டாள்.

பிறகு டென்டைத் திரும்பக் கட்டினாள். இந்தத் தடவை மெதுவாக, ஏரி தெரிகிற மாதிரி வாசலை வைத்து. டீ போட்டாள்.

"அங்கயும் தேதி வரைக்கும்தான் உட்டானுங்க. இங்கயும் தேதி வரைக்கும்தான் உட்றானுங்க. இவன் முன்னாடியே டைம் சொல்றான்யா."

"ஆமா" என்றேன்.

"செப்டம்பர்ல என்தும் சேத்து போடு. பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும்."

திங்கட்கிழமை பத்தரைக்கே காலி செய்துவிட்டோம். யாரும் வந்து சொல்லவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் நல்ல மழை. கவருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. டூகியின் டென்டைக் குளியலறையில் தொங்கவிட்டுவிட்டு வந்து பார்த்தேன். ஹீட்டர் மேல் இரண்டு காகிதத்தை விரித்திருந்தாள். ஒன்று புத்தகமாக இருந்த காலத்து ரேஷன் கார்டு, ஆற்றங்கரை விலாசம் போட்டது. அந்த விலாசத்தில் இப்போது பெஞ்சு. இன்னொன்று பச்சை ஜாக்கெட் எழுதிக் கொடுத்தது. அதன் தேதி அன்றைக்குக் காலையோடு முடிந்துவிட்டது. ரெண்டும் செல்லாதுமே, தூக்கிப் போடு என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. ஓரம் சுருண்டுவிடாமல் இருக்க, இரண்டுக்கும் சேர்த்து என் தோசைக் கரண்டியை மேலே வைத்தாள்.