பட்டுப்புடவையில் ஜீவனாம்சம் கேட்கப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலை, மைசூரு கோர்ட்டு வளாகத்தில் நடந்தது இது.

அப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் அப்பா பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்களை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. முதலில் மாதாமாதம் பணம் அனுப்பினார். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. அப்புறம் பண்டிகை வாழ்த்து மட்டும். நான் ஒரு தனியார் பள்ளியில் நூலக உதவியாளர். எத்தனையோ தேசத்து நாவல்களில் வழக்கு விசாரணைகளைப் படித்தவள். நம் ஊர்க் கோர்ட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்பது மட்டும் எதிலும் போட்டிருக்கவில்லை.

முதலில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் சொன்ன ஃபீஸ் என் இரண்டு மாதச் சம்பளம். "ஆரம்பத்துக்கு" என்று வேறு சொன்னார். ஜவுளிக்கடையில் விலை கேட்டுவிட்டு நழுவுகிறவள்போல எழுந்து வந்தேன். கோர்ட்டுக்குள்ளேயே இலவச சட்ட உதவி இருக்கிறது, பெண்களுக்கு வருமானம்கூடப் பார்க்காமல் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்று எங்கள் பள்ளி ஆயா சொன்னாள். அவளே அப்படித்தான் ஜீவனாம்சம் வாங்கியிருந்தாள். ஆனால் இலவசம் கஷ்டப்படுகிறவர்களுக்கு அல்லவா, நாம் அந்த ரகமா என்று யோசித்தே ஆறு மாதத்தைக் கடத்தினேன்.

கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, நான் வழக்கமான காட்டன் புடவையில் இருப்பதைப் பார்த்து, அக்ரஹாரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போனாள். "அய்யோ அக்கா, நாலு பேர் பாக்கற எடம். இப்படியே போனா யாரு மர்யாதி குடுப்பாங்க?" தன் பட்டுப்புடவையையும் கவரிங் ஆரத்தையும் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையேந்துகிறோம் என்று வெளியே தெரியாமல் கையேந்துவதுதானே நம் குடும்பங்களின் கலை.

விளைவு, சட்ட உதவி மையத்தில் நுழைந்ததும் ஊழியர் எழுந்து நின்றார். நாற்காலி போட்டார், மின்விசிறியைத் திருப்பிவிட்டார், காபி வந்தது. இலவச சட்ட உதவி இவ்வளவு அருமையானதா என்று நெகிழ்ந்துபோனேன். கால் மணி கழித்து அவர் இரண்டு ஃபைல்களை என் முன் வைத்தபோதுதான் புரிந்தது. தம்பதிகளுக்குச் சமரசம் பேச வரும் அம்மா என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். மின்விசிறி தன் பழைய திசைக்குத் திரும்பியது.

எனக்கு ஒதுக்கப்பட்ட வக்கீல் ஒரு சின்னப் பெண், கொள்ளேகால் பக்கம். தமிழிலேயே பேசினாள். குடும்பம் எப்படி நடக்கிறது என்று கேட்டாள். "ஒரு குறையும் இல்லம்மா," என்றேன். குழந்தை படிப்பு? நன்றாகப் படிக்கிறாள். ஸ்கூல் ஃபீஸ்? கட்டிவிடுவோம். வாடகை? வீட்டுக்காரர் தங்கமானவர். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"குறையே இல்லைன்னா நான் என்னத்தைங்க எழுதறது? ஜட்ஜம்மா உங்களுக்குப் பாராட்டு விழாதான் வெப்பாங்க."

எனக்கு ஒரே குழப்பம். கஷ்டத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். வாயைத் திறந்தால் பெருமை வருகிறது. கல்யாண வீட்டில் பேசிப் பழகிய வாய், வேறு எதுவும் தெரியவில்லை அதற்கு.

"நீ சும்னே இரும்மா," என்றாள் பக்கத்திலிருந்த மகள். அப்புறம் கன்னடத்தில் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு தவணை ஃபீஸ் பாக்கி. அம்மா ஸ்கூட்டரை விற்றுவிட்டு, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்வது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னாள்: கண்ணாடி பவர் மாறி ஏழெட்டு மாதமாகிறது, போர்டு தெரிவதில்லை, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ கேட்டப்போல்லாம் நல்லா தெரியுதுன்னு சொன்னேன். நீயும் எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்ற."

வக்கீல் பெண் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். கண் பரிசோதனைச் சீட்டு, ஃபீஸ் நோட்டீஸ், என் கணவருடைய பழைய சம்பளச் சீட்டு, மூன்றையும் கொண்டுவரச் சொன்னாள். ஒரு பைசா வாங்கவில்லை. நான்காவது வாய்தாவில் இடைக்கால ஜீவனாம்சத்துக்கு உத்தரவு வந்தது. இப்போதும் சில மாதம் பணம் வரத் தாமதமாகும். அந்தப் பெண் ஒரு மனு போட்டதும் வந்துவிடும்.

எனக்குத் தீராத குழப்பம் ஒன்றுதான். கொடுக்க வேண்டியவருக்கு இல்லாத வெட்கம், குழந்தைக்காகக் கேட்கப் போன எனக்கு ஏன் அத்தனை வந்தது? அதை என் மகளுக்கும் நானே ஊட்டி வளர்த்திருந்தேனே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.