உப்புப் பார்த்த பிள்ளை

கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பிலிருந்து என்னை மட்டும் வெளியே கூப்பிடுவார்கள். பரிசு கொடுக்க அல்ல, உப்புப் பார்க்க.

கூப்பிடுகிறவர் அப்பா. எங்கள் வகுப்புக்கு அரைச்சுவர்தான். அதற்கு மேலால் அகப்பையோடு தலையை நீட்டி, "ரீச்சர், பிள்ளையை ஒருக்கா விடுறீங்களே?" என்பார். வகுப்பே சிரிக்கும். நான் தலையைத் தூக்காமல் எழும்பிப் போவேன்.

அதற்கு முந்தின வருடம் வரைக்கும் அப்பா வயல் செய்தவர். குளத்துக்குக் கீழே எங்களுக்குக் காணி இருந்தது. ஒரு நாள் முகம் ஊதி, கால் வீங்கி, வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் பழுதென்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வயல்காரருக்கு அந்தச் சிறுநீரக வருத்தம் வருவது புதினமில்லை. கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார்கள், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு தரம் மெசினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். உப்பு, பருப்பு, கீரை கூடாது. இளநீர் கூடவே கூடாது. தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். வயலில் இறங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாசல்படி இறங்கவே அவருக்கு மூச்சு வாங்கியது.

கொஞ்ச நாள் ஒழுங்காகப் போய் வந்தார். பிறகு ஒரு நாள் அம்மா பையோடு வாசலில் நிற்க, அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நான் வரேல்லை. அங்கை போய் மெசினிலை கிடந்திட்டு, திரும்பி வந்து இந்தக் கதிரையிலை கிடக்கிறதுக்கோ?"

போகாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கே தெரியும். அம்மாவுக்கு அழவும் நேரமில்லை, நெல் அறுக்கிற அரிவி வெட்டுக் காலம். பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை சமைக்கிறது எங்கட முறை. நான் வயலிலை நிக்கோணும். அடுப்புக்குப் பக்கத்திலை போய் இருக்கவாவது ஏலுமோ எண்டு பாருங்கோ."

எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தாய்மார்தான் முறை வைத்துச் சமைத்தார்கள். அப்பா மறுக்காமல் போனார். மறுத்துக் கதைக்கவும் அலுப்பாக இருந்திருக்கும். பானை தூக்கிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு மாமி வந்தார். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை. அவருக்கு ஆகாதவையெல்லாம் அன்று அவர் கையால் வெந்தன. பிள்ளைகள் இரண்டாம் தரமும் தட்டை நீட்டினார்கள்.

பின்னேரம் வீட்டில் ஒரே கதை. எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது, எது கீரையை ஒதுக்கி வைத்தது, எது தட்டை நக்கியது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை நாளும் நாங்கள் மூன்று பேரும் பேசியதைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அடுத்த கிழமை மாமியின் முறையையும் அவரே வாங்கிக்கொண்டார், பிறகு எல்லாருடையதையும். தாய்மார் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் மறுபடி போகத் தொடங்கினார், அம்மா சொல்லாமலே. "இண்டைக்குக் கிடந்தாத்தான் நாளைக்கு அடுப்படியிலை நிக்கலாம்" என்பார். அந்த நாட்களில் மட்டும் சமையல் மாமிக்கு. பிழிந்து போட்ட துணியாகக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். சட்டையைக் கழற்றுவதற்கு முன்னமே என்னிடம் கேட்பார், "பிள்ளையள் மிச்சம் வச்சவையோ?"

எனக்கு அலுத்துப்போயிற்று. வயலில் அம்மாவுக்குக் களைப்பு, பஸ்ஸில் அப்பாவுக்குக் களைப்பு, இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து எனக்கும் களைப்பு. இதற்குள் அவர் சமைக்கிற நாளெல்லாம் இந்த உப்பு வேறு. மற்றத் தாய்மார் சமைத்தபோது யாரையும் கூப்பிட்டதில்லை. ஏன் என்னைக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"எனக்கு உப்பு மறந்துபோச்சு, பிள்ளை" என்றார்.

நம்பினேன். ஒரு நாள் எனக்குத் தடிமன். மூக்கடைத்து, நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சும்மா "உப்புக் காணும், போதும்" என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. ரீச்சரே இரண்டாம் தரம் கறி வாங்கினார். தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார், சமைத்துக்கொண்டே இருந்தார். நான் உயர்தர வகுப்புக்குப் போன வருடம் போய்விட்டார். இப்போது என் பிள்ளைகளுக்கு நான் சமைக்கிறேன். போன மாதம் அகப்பையை வாயில் வைத்து உப்புப் பார்த்தபோது, குசினி வாசலில் இருந்த அம்மா சிரித்தார்.

"உன்ரை அப்பா ஒருநாளும் உப்புப் பாத்தவரில்லை. சண்டைக்கை இடம்பெயர்ந்து முகாமிலை இருக்கேக்கை எத்தினை சனத்துக்குச் சமைச்ச மனுசன். கையாலை அள்ளிப் போடுவார், அளவு பிழைக்காது."

நான் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றேன்.

பள்ளிக்கூடச் சமையல் கொட்டிலில் அப்பா அகப்பையை ஊதி ஊதி என் வாய்க்கிட்டக் கொண்டுவருவார். "பருப்பு அவிஞ்சிட்டுதோ? புளி எப்பிடி?" என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்பார். கண் என் வாயை விட்டு அகலாது. நான் விழுங்கும்போது அவருடைய தொண்டையும் ஒரு தரம் ஏறி இறங்கும். அதை நான் கண்டிருக்கிறேன். கண்டு கூச்சப்பட்டிருக்கிறேன்.

"சூடு பிள்ளை, ஆறுதலாக் குடி" என்பார்.

வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மிடறில் விழுங்கிவிட்டு நான் வகுப்புக்கு ஓடிவிடுவேன்.